ரத்தம் ஏன் ரயிலேற வேண்டும்?



மழை பிடித்துக்கொண்டது. கூடவே காய்ச்சலும் வந்துவிட்டது. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது யாரோ படுத்திருக்கிறார்கள். "டெஸ்ட் எடுத்தாச்சா? ரிசல்ட் வந்துடுச்சா?" என்றுதான் இப்போது நலம் விசாரிக்கிறோம். இந்த மாதம் எதைப் பற்றி எழுதலாம் என்று ஆசிரியர் குழுவில் பேசியபோதும் பேச்சு அங்கேயே போய் நின்றது. ரத்தம் எடுத்த நேரத்துக்கும் பதில் கைக்கு வரும் நேரத்துக்கும் நடுவில் ஒரு காத்திருப்பு இருக்கிறதே, அதைச் சுருக்க உலகின் பல ஆய்வகங்களில் ஒரு அருமையான வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. 1980-களின் நடுவில், எய்ட்ஸ் என்பது எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நோய் என்று இங்கே படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன் அப்படி நம்பவில்லை. தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் சேகரித்தார். 80-க்கும் மேற்பட்ட சாம்பிள்கள் சேர்ந்தன. பத்திரப்படுத்த இடமில்லாததால் அவற்றைத் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். பரிசோதிக்கவும் சென்னையில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் அந்தச் சாம்பிள்கள் ஐஸ் பெட்டிக்குள் இரவு ரயிலேறிக் காட்பாடிக்குப் போயின. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு.

சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் எலிசா பரிசோதனை நடந்தது. எலிசா தட்டைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. வழக்கமாக அதில் 96 சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழிக்கு ஒருவர் என்று சீரத்தை விட்டு, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, நடுநடுவே கழுவி, பிறகு காத்திருக்க வேண்டும். நோயின் தடயம் இருக்கும் குழி நிறம் மாறும், இல்லாதது அப்படியே தெளிவாக இருக்கும். அன்றைக்கு மூடியைத் திறந்து பார்த்தபோது 6 குழிகள் மஞ்சளாகியிருந்தன. அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே முடிவு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நோய் சென்னையில் இருந்தது. அதைக் காட்டும் கருவி வேலூரில் இருந்தது. உறுதிசெய்யும் கருவி கடல் கடந்து இருந்தது. நிர்மலாவின் துணிச்சலையும் சுனிதி சாலமனின் தொலைநோக்கையும் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐஸ் பெட்டி போன தூரமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

எச்.ஐ.வி. மெதுவாக வேலை செய்யும் வைரஸ். சில வாரத் தாமதத்தை அது பொறுக்கும். எல்லா வைரஸும் பொறுக்காது. 2013 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், மெலியாண்டு என்ற காட்டோரக் கிராமத்தில் ஒரு குழந்தை இறந்தது. அடுத்து அந்த வீட்டில், அடுத்து அந்த ஊரில், அப்புறம் சிகிச்சை கொடுத்தவர்கள் என்று சாவு தொடர்ந்தது. காலரா என்றார்கள், லாசா காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். எபோலா என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்தப் பகுதியில் அது அதுவரை தொற்றாகப் பரவியதும் இல்லை. கடைசியில் ரத்தச் சாம்பிள்கள் விமானத்தில் பிரான்சுக்குப் போய், லியோன் நகரத்து ஆய்வகம் எபோலா என்று சொன்னபோது 2014 மார்ச் மாதத்தின் மூன்றாவது வாரம் கடந்துவிட்டது. மூன்று மாதம். அதற்குள் வைரஸ் சந்தைகளுக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. 2016-ல் அந்தக் கொள்ளைநோய் ஓய்ந்தபோது 28,600-க்கும் மேற்பட்டோரைத் தொற்றி, 11,300-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது.

இதன் பக்கத்தில் நம் அண்டை மாநிலத்தை வைத்துப் பாருங்கள். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, ஒரே குடும்பத்தில் இரண்டாவதாக மருத்துவமனைக்கு வந்தவரைப் பார்த்ததுமே டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சாம்பிள் மணிப்பாலுக்குப் போனது, புனே தேசிய வைரஸியல் நிறுவனம் உறுதிசெய்தது. எல்லாம் சில நாட்களுக்குள். அதனால்தான் அது ஒரு வட்டாரத்தோடு அடங்கியது. டாக்டரின் கூர்மையும், எட்டும் தொலைவில் ஒரு நல்ல ஆய்வகமும் இருந்தால் எவ்வளவு உயிர் மிச்சமாகும் என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே சாட்சி.

சரி, ஆய்வகத்தை நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்விட முடியாதா? ஓரளவுக்குக் கொண்டுபோயிருக்கிறோம். உங்களில் பலர் கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே பார்த்த ரேபிட் டெஸ்ட் அட்டை அதுதான். கர்ப்பப் பரிசோதனை அட்டையும் அதே சாதிதான். அதில் விழும் சிவப்புக் கோடு பெரும்பாலான அட்டைகளில் தங்கம் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். சுமார் 40 நானோமீட்டர் அளவுக்குத் தங்கத்தை நுணுக்கினால் அதன் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்துவிடும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தத் துகள்கள் மேல், குறிப்பிட்ட வைரஸின் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டி அட்டையில் உலர்த்தி வைத்திருப்பார்கள். சாம்பிள் ஊறிப் போகும்போது வைரஸ் புரதம் இருந்தால் தங்கத்தோடு சேர்ந்து கோட்டில் போய் மாட்டிக்கொள்ளும். ஏராளமான துகள்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். ஆக, நானோ தொழில்நுட்பம் என்றோ வரப்போகிற அதிசயம் அல்ல, நம் மருந்துக்கடையில் பல வருடங்களாக விற்கும் சரக்கு.

ஆனால் இந்த அட்டைக்கு ஒரு பலவீனம். வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் கோடு விழும். தொற்றின் ஆரம்ப நாட்களில் வைரஸ் கொஞ்சமாக இருக்கும்போது அட்டை 'இல்லை' என்று சொல்லிவிடும். பி.சி.ஆர். அப்படியில்லை. அது வைரஸின் மரபுப் பொருளை இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருக்கிப் பெருக்கிப் பார்ப்பதால் ஒரு சிலவற்றையும் பிடித்துவிடும். அதற்குக் கருவி வேண்டும், குளிரில் வைத்த மருந்துகள் வேண்டும், பழகிய கை வேண்டும், போகாத கரன்ட் வேண்டும். அட்டையின் எளிமையும் பி.சி.ஆரின் கூர்மையும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பொருளைத்தான் உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2004-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபரின் குழு செய்தது. வைரஸைவிட மெல்லிய சிலிக்கான் கம்பி. இன்ஃபுளுயென்சா வைரஸ் ஏறக்குறைய 100 நானோமீட்டர் விட்டம், கம்பியின் தடிமன் அதைவிடப் பல மடங்கு குறைவு. கம்பியில் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே இன்ஃபுளுயென்சாவுக்கான ஆன்டிபாடிகளைப் பதித்திருந்தார்கள். ஒரே ஒரு வைரஸ் வந்து ஒட்டியதும், அதன் மேற்பரப்பில் இருக்கும் மின்னூட்டத்தால் மின்னோட்டம் மாறியது. வைரஸ் விலகியதும் பழைய அளவுக்குத் திரும்பியது. நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டே மின்னளவையும் பதிவு செய்ததால், வரைபடத்தில் விழுந்த ஒவ்வொரு படியும் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்து எழுந்துபோனதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. வேறு வகை வைரஸ்களை விட்டபோது கம்பி அசையவில்லை. பெருக்க வேண்டியதில்லை, சாயம் ஏற்ற வேண்டியதில்லை, வந்தவுடன் தெரிகிறது. 2020-ல் தென்கொரிய விஞ்ஞானிகள் ஒரே ஒரு அணு கனமுள்ள கிராஃபீன் ஏட்டில் கொரோனாவின் கூர்முனைப் புரதத்துக்கான ஆன்டிபாடியைப் பதித்து, நோயாளிகளின் மூக்குச் சாம்பிளிலேயே வைரஸைக் காட்டினார்கள்.

இவ்வளவு அற்புதமான கருவி ஏன் இன்னும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவில்லை? இந்தக் கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் ஆழமாக இழுத்தது. பதில் கம்பியில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது.

ரத்தம் உப்புள்ள திரவம். அதில் மிதக்கும் சோடியம், குளோரைடு அயனிகள், மின்னூட்டமுள்ள எதையும் கண்ட மாத்திரத்தில் சூழ்ந்து மறைத்துவிடும். அங்கே ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் ஒரு நானோமீட்டர் தூரம்கூட எட்டாது. கம்பி மேல் நிற்கும் ஆன்டிபாடியின் நீளமோ சுமார் 10 நானோமீட்டர். அதன் நுனியில் வைரஸ் பிடிபட்டாலும் கீழே இருக்கும் கம்பிக்குச் செய்தி போய்ச் சேராது. கெட்டிமேளம் கொட்டும்போது மணமேடையில் காதருகே பேசிய பேச்சு மாதிரிதான். அதனால்தான் 2004 சோதனை உப்பு மிகக் குறைந்த கரைசலில் நடந்தது. இது ஒரு தொல்லை. இன்னொன்று, ரத்தத்தில் இருக்கும் புரதக் கூட்டம். அல்புமின் மட்டுமே லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். வைரஸ் வருவதற்கு முன்பே அது போய்க் கம்பியின் மேல் படலம் படலமாக ஒட்டிக்கொள்ளும். சளியும் எச்சிலும் கழிவுநீரும் இதைவிட மோசம்.

இங்கேதான் ஹைட்ரோஜெல் வருகிறது. பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. ஜிகர்தண்டாவுக்கு ராத்திரி ஊறப்போடும் பாதாம் பிசினை எடுத்துக்கொள்ளுங்கள். கல் மாதிரி நாலைந்து துண்டுதான் போட்டிருப்போம். காலையில் பாத்திரம் நிறையத் தளதளவென்று கண்ணாடி போல உப்பி நிற்கும். பிழிந்தாலும் தண்ணீர் சொட்டாது, கரைந்தும் போகாது. நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் அங்கங்கே பின்னி ஒரு வலையாக இருக்க, அந்த வலைக்கண்களில் தண்ணீர் புகுந்து நின்றுவிடுகிறது. சப்ஜா விதையைச் சுற்றி வரும் வழுவழுப்பும் கடல்பாசியும் இதே குடும்பம்தான். ஆய்வகத்தில் இயற்கைப் பிசினுக்குப் பதிலாகத் தாங்களே பின்னிய பாலிமர் சங்கிலிகளை வைத்து, வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துச் செய்கிறார்கள்.

நுண்ணுயிரியலுக்கும் ஜெல்லுக்கும் பழைய உறவு உண்டு. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் அது உருகி ஓடிவிடும், சில கிருமிகள் அதையே தின்றும் தீர்த்துவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் கடல்பாசியை முயன்று பார்க்கச் சொன்னார். இன்றுவரை உலகத்தின் எல்லா மைக்ரோபயாலஜி லேபிலும் கிருமி வளர்வது அந்தக் கடல்பாசியின் மேல்தான். அவர் பெயரை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம் என்பது என் ஆசை.

உடலோடு ஒத்துப்போகும் செயற்கை ஜெல்லை உருவாக்கியவர்கள் செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டோ விக்டர்லேயும் துராஹோஸ்லாவ் லீமும். 1960-ல் அதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே, குழந்தைகள் விளையாடும் உலோகக் கட்டுமானத் துண்டுகளை வைத்துத் தன் வீட்டிலேயே ஒரு சுழலும் இயந்திரம் செய்தார். அதைச் சுற்ற சைக்கிள் டைனமோ. அதில் ஜெல்லை வார்த்து எடுத்ததுதான் இன்று கோடிக்கணக்கானோர் கண்ணில் வைக்கும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ். கண்ணே உறுத்தலில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பொருள் அது. ஆன்டிபாடி போன்ற மென்மையான உயிர்ப்பொருள்களுக்கும் அப்படிப்பட்ட இடம்தான் வேண்டும். வெறும் உலோகத்தில் ஒட்டினால் அவை உருக்குலைந்து வேலையை மறந்துவிடும். ஈரமான ஜெல்லுக்குள் வைத்தால் உடலுக்குள் இருப்பது போலவே வேலை செய்யும்.

2015-ல் லீபரின் குழுவே தன் கம்பியின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர் படலத்தைப் போர்த்திப் பார்த்தது. களிம்புகளிலும் மலச்சிக்கல் மருந்துகளிலும் இருக்கும் அதே பொருள்தான். அதைப் போர்த்தியதும், உடலில் உள்ள அளவுக்கு உப்பிருந்த கரைசலிலும் புரதத்தின் செய்தி கம்பிக்கு எட்டியது. நீரும் பாலிமரும் கலந்த அந்தச் சூழலில் மின்னூட்டத்தின் கை கொஞ்சம் நீளமாக எட்டுகிறது. வேண்டாத புரதங்கள் ஒட்டுவதையும் இந்த வகைப் படலங்கள் குறைக்கின்றன.

இன்னும் ஒரு படி மேலே போனால், ஜெல்லே உணரியாகிவிடுகிறது. 1999-ல் ஜப்பானின் தகாஷி மியாதாவும் கூட்டாளிகளும் செய்த ஜெல்லைப் பாருங்கள். வலையின் சில முடிச்சுகளை அவர்கள் ஆன்டிபாடியும் அது பிடிக்கும் ஆன்டிஜெனும் கைகோத்த முடிச்சுகளாக வைத்தார்கள். வெளியிலிருந்து அதே ஆன்டிஜென் வந்தால் ஆன்டிபாடி அதைப் பிடிக்கப் போய்விடும். முடிச்சு அவிழும், வலை தளரும், ஜெல் உப்பும். ஆன்டிஜெனைக் கழுவி எடுத்தால் மறுபடி சுருங்கும். வேறு எந்தப் புரதத்தைக் கொடுத்தாலும் அசையாது. பாட்டரி இல்லை, விளக்கு இல்லை. ஒரு துண்டு ஜெல் தன் ஆளை அடையாளம் கண்டு உடம்பை உப்பிக் காட்டுகிறது.

2019-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் காலின்ஸ் குழு அதே யோசனையை, மரபு இழைகளைத் தேடி வெட்டும் கிரிஸ்பர் என்ற உத்தியோடு இணைத்தது. இம்முறை முடிச்சுகள் டி.என்.ஏ. இழைகள். காஸ்12 என்ற நொதிக்கு எந்த மரபு வரிசையைத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து விடலாம். அது அந்த வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஒற்றை இழை டி.என்.ஏ.வையெல்லாம் வெட்டித்தள்ளும். ஜெல்லின் முடிச்சுகளும் அறுந்துபோகும். ஜெல் உடைந்தால் காகிதத்தில் திரவம் வழிந்தோடும், உடையாவிட்டால் அடைத்துக்கொண்டு நிற்கும். நீர் எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்த்தே எபோலா இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கும் படி ஒன்று இன்னும் தேவைப்படுகிறது. அதனால் இது முழுத் தீர்வு ஆகிவிடவில்லை. ஆனாலும் லியோனுக்கு விமானமேறிய அந்தச் சாம்பிள்களை நினைத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு நிறைகிறது.

இவையெல்லாம் ஆய்வகச் சாதனைகள். களத்தில் உண்மையாகவே இறங்கி வேலை செய்த ஜெல்லைச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது. வர்ஜீனியாவில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரா லுக்கினி, லான்ஸ் லியோட்டா, இமானுவேல் பெட்ரிகாயின் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட வேலை அது. அவர்கள் செய்தது கண்ணுக்குத் தெரியாத ஜெல் உருண்டைகள். உள்ளே இரை வைத்த வலை. அந்த இரைகளில் ஒன்று சிபாக்ரான் புளூ, துணிக்குப் போடும் நீலச் சாயம். பருத்தி நூலை விடாமல் பிடிக்கும் அந்தச் சாயம் பல புரதங்களையும் அதே பிடிவாதத்தோடு பிடிக்கும். சாம்பிளில் இந்த உருண்டைகளைத் தூவினால் வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உருண்டைகளை மட்டும் தனியே சேர்த்து, பெரிய பாத்திரத்தில் பரவிக்கிடந்ததைச் சில துளிகளுக்குள் கொண்டுவந்துவிடலாம். வைரஸ்களையும் இவை பிடிக்கின்றன. காந்தத் துகளோடு சேர்த்துச் செய்த உருண்டைகளைக் காந்தம் வைத்தே இழுத்தெடுக்கலாம்.

கொரோனா காலத்தில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் இந்த உருண்டைகள்தான் கழிவுநீருக்குள் இறங்கின. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஸ்மிருதி கார்த்திகேயன், ராப் நைட் உள்ளிட்டோரின் குழு, சாக்கடை நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுக்கும் வேலையை இவற்றைக் கொண்டு ரோபோவிடம் ஒப்படைத்தது. மணிக்கணக்கில் இழுக்கும் வேலை வேகமானது. ஒரு நாளில் பார்க்க முடிந்த சாம்பிள்கள் பல மடங்காயின. புதிய உருமாற்றங்களை, மருத்துவமனைச் சாம்பிள்களில் தெரிவதற்கு 14 நாட்கள் வரை முன்னதாகவே அந்தக் கழிவுநீரில் கண்டார்கள் என்று 2022-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இரண்டு வாரம் முன்கூட்டித் தெரிந்தால் ஒரு ஊர் எவ்வளவு தயாராகலாம்!

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். செய்தித்தாள்களில் பெயர் வாங்குவது எப்போதும் கம்பியும் கிராஃபீனும்தான். 'ஒரே ஒரு வைரஸையும் கண்டுபிடிக்கும் சிப்' என்றால் தலைப்புக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது சாம்பிள். ரத்தம், சளி, எச்சில், சாக்கடை. இவற்றிலிருந்து வைரஸை அள்ளி, சுத்தமாக்கி, சின்ன இடத்தில் கூட்டிக் கொடுக்கும் வேலை முடிந்துவிட்டால் இருக்கிற சாதாரண அட்டைகூட இன்னும் கூர்மையாகும். அந்த வேலையைச் செய்வது ஜெல். நம் நாட்டில் ஆராய்ச்சிப் பணத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால் அங்கேதான் போடச் சொல்வேன். பாலிமர் வேதியியல் படித்த பிள்ளைகள் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். ஜெல் செய்யப் பல நூறு கோடி ரூபாய் ஆலை தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் வேலை செய்யும் ஜெல் மே மாத வெயிலில் மின்விசிறியும் இல்லாத அறையில் அலமாரிக்குள் ஆறு மாதம் கிடந்தாலும் வேலை செய்ய வேண்டும். நீர் வற்றினால் சுருங்கும், ஈரப்பதம் ஏறினால் உப்பும். இதைச் சமாளிக்க உறையவைத்து உலர்த்தும் முறைகள் வந்திருக்கின்றன. காலின்ஸின் குழுவே 2021-ல், உலர்த்திய மருந்துகளை முகக்கவசத்துக்குள் வைத்து, அணிந்தவரின் மூச்சிலிருந்து கொரோனாவைக் கண்டறிய முடியும் என்று காட்டியது. அப்புறம் தரம். இன்று செய்த நூறும் அடுத்த மாதம் செய்யும் நூறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பல நல்ல கண்டுபிடிப்புகள் ஆய்வுக்கட்டுரையோடு நின்றுவிடுகின்றன. கொள்ளைநோய் வந்தால் பணம் கொட்டுகிறது, அது போனதும் பணமும் போய்விடுகிறது. டெங்கு வருஷா வருஷம் வருகிறது. அதற்கான பணமும் வருஷா வருஷம் வர வேண்டும்.

நம் நாடு கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், எந்த நிலை மருத்துவமனையில் எந்தப் பரிசோதனை கட்டாயம் இருக்க வேண்டும் என்று தேசியப் பட்டியல் வெளியிட்டது. கோவா நிறுவனம் ஒன்று தயாரிக்கும் ட்ரூநாட் என்ற சின்ன பி.சி.ஆர். கருவி பாட்டரியில் ஓடுகிறது. காசநோய்க்கு அதை 2020-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2020 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் கொரோனா சாம்பிள்கள் புனேவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. பிறகு கிண்டி கிங் நிலையத்தில் பரிசோதனை தொடங்கியது, மாவட்டங்களுக்கும் பரவியது. அந்தத் தூரம் குறைந்ததை நாம் கண்ணாலேயே பார்த்தோம். இன்னும் குறைய வேண்டியது மாவட்டத் தலைநகரத்திலிருந்து உங்கள் ஊர் வரைக்குமான தூரம்.

அதுவரைக்கும் இந்த மழைக்காலத்தைக் கடக்க வேண்டுமே. அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டெங்குவின் என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆன்டிபாடி பரிசோதனைதான் உதவும். ஆகவே டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் எந்த நாள், எந்த வேளையில் தொடங்கியது என்று சரியாகச் சொல்லுங்கள். நீங்களாகவே ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ வாங்கிப் போட வேண்டாம், அவை ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அட்டையில் கோடு விழவில்லை என்பதற்காக அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்